விடை தெரிந்த கேள்வியோடு டாக்டர் பட்டத்துக்குப் போகலாமா?

44 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். இப்போது செயல்பாட்டுப் பிரிவுக்குத் தலைவர். 9 கிடங்குகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. எம்.பி.ஏ. முடித்து 15 ஆண்டுகள் ஆகின்றன. கிடங்கு மேற்பார்வையாளர்கள் சேர்ந்த ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போவது அங்கே நெடுநாள் பிரச்சினை. 3 ஆண்டுகளுக்கு முன்பு அவரே ஒரு பயிற்சித் திட்டத்தை வடிவமைத்து நடைமுறைப்படுத்தினார். அதன் பிறகு விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதையே ஆய்வுப் பொருளாக வைத்து, வேலையில் இருந்தபடியே வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டம், அதாவது டி.பி.ஏ., வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நிறுவனம் பாதிக் கட்டணம் தர முன்வந்திருக்கிறது. பதிலுக்கு 4 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிவேன் என்று ஒப்பந்தம் கேட்கிறது. இதற்கிடையே சேர்க்கை முகவர் ஒருவர், "18 மாதத்தில் பட்டம் கைக்கு வரும், ஆய்வேடு எழுதவும் ஆள் தருகிறோம், இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள்" என்று நெருக்குகிறார். வீட்டில் கணவர் ஆதரவாக இருக்கிறார். இரண்டு பிள்ளைகளில் மூத்தவள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள்.

"தரவெல்லாம் என் கையிலேயே இருக்கிறது. என் திட்டம் பலன் தந்தது என்று நிரூபித்து எழுதுவதுதான் பாக்கி. சனி, ஞாயிறு போதும் என்று நினைக்கிறேன். பிஎச்.டி. கடினம், டி.பி.ஏ. சுலபம் என்கிறார்களே, சரியா? 50 வயதுக்கு மேல் பேராசிரியராகப் போக இது உதவுமா? இந்த வயதில் ஆரம்பிப்பது அசட்டுத்தனமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட அன்று, நீங்களே கிடங்குக்குப் போய் விடியும் வரை சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். "அவன் ஏன் போனான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை" என்று அந்தப் பத்தியை முடித்திருந்தீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வயது. இந்தப் பட்டம் உங்கள் வயதுக்காரர்களை மனதில் வைத்தே உருவானது. பெரும்பாலான டி.பி.ஏ. படிப்புகள் முதுகலைப் பட்டத்தோடு சில ஆண்டுகளாவது நிர்வாகப் பொறுப்பில் இருந்த அனுபவத்தையும் கேட்கின்றன. 25 வயதில் விண்ணப்பித்திருந்தால் உங்களைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். 44 தாமதம் இல்லை. அந்தக் கவலையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

சுலபமான டாக்டர் பட்டம் என்று ஒன்று இல்லை

பிஎச்.டி. கடினம், டி.பி.ஏ. சுலபம் என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். இரண்டுமே டாக்டர் பட்டங்கள்தான். இரண்டிலும் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை நீங்கள் கண்டறிந்து சொல்ல வேண்டும். அதைத் தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து நிலைநாட்ட வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 2005ல் சால்ஸ்பர்க்கில் கூடி டாக்டர் பட்டப் படிப்புக்கான கோட்பாடுகளை வகுத்தபோது, புதிய ஆய்வின் வழியே அறிவை முன்னெடுத்துச் செல்வதுதான் எந்த டாக்டர் பட்டத்துக்கும் மையம் என்றுதான் முதல் கோட்பாட்டிலேயே சொன்னார்கள்.

வேறுபாடு எங்கே என்றால், ஆய்வு தொடங்கும் இடத்தில். பிஎச்.டி. பெரும்பாலும் கோட்பாட்டில் இருக்கும் ஒரு இடைவெளியிலிருந்து தொடங்கும். டி.பி.ஏ. நடைமுறையில் ஒருவர் முட்டி நின்ற பிரச்சினையிலிருந்து தொடங்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாது, கோட்பாட்டின் வழியாகப் போய் மறுபடி நடைமுறைக்குத் திரும்பி வர வேண்டும். அந்த வகையில் இது கூடுதல் வேலை என்றே சொல்வேன். முதல் ஓரிரு ஆண்டுகள் வகுப்புகளும் கட்டுரைகளும் இருக்கும். ஆய்வேடு பிஎச்.டி.யைவிடக் கொஞ்சம் சிறியதாக இருப்பது வழக்கம். 'சுலபம்' என்ற பேச்சு இங்கேயிருந்துதான் கிளம்புகிறது.

டி.பி.ஏ. என்ற பெயருக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் என்றும் நினைக்காதீர்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி பல பத்தாண்டுகளாக டி.பி.ஏ. என்ற பெயரில் கொடுத்துவந்தது, எதிர்காலப் பேராசிரியர்களுக்கான முழுநேர ஆய்வுப் பட்டம். 2018ல் அதை பிஎச்.டி. என்று மாற்றிக்கொண்டார்கள். எனவே பெயரை வைத்து முடிவு செய்யாமல், அந்தந்தப் பல்கலைக்கழகம் அதில் என்ன எதிர்பார்க்கிறது என்று படித்துப் பாருங்கள்.

உங்கள் திட்டம்தான் காரணமா?

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை தந்த இடம் "நிரூபித்து எழுதுவதுதான் பாக்கி" என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நீங்கள் விடையோடு வருகிறீர்கள். பயிற்சித் திட்டம் கொண்டுவந்தேன், விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள், ஆகவே திட்டம் வென்றது. நிர்வாகக் கூட்டத்தில் இது போதும். ஆய்வேட்டைத் திருத்தும் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கேட்பார்: வேறு எதனாலும் குறைந்திருக்க முடியாதா?

யோசித்துப் பாருங்கள். எந்த ஆண்டில் திட்டத்தைத் தொடங்கினீர்கள்? "அதுவரை பார்த்ததிலேயே மோசமான ஆண்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு எண் மிக மோசமாகும்போதுதான் நாம் நடவடிக்கை எடுக்கிறோம். ஆனால் வழக்கத்துக்கு மாறாக மோசமாகிவிட்ட எண், யாரும் எதுவும் செய்யாமலே அடுத்த ஆண்டு வழக்கமான இடத்தை நோக்கி வரும் வாய்ப்பு அதிகம். ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1886ல் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதியபோது இதைத்தான் கண்டார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்துக்குக் கொஞ்சம் நெருங்கியே இருந்தார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறோம். உங்களுக்குக் கிடைத்த குறைவில் எவ்வளவு உங்கள் திட்டத்தால் வந்தது, எவ்வளவு இப்படித் தானாக வந்தது? தரவு கையில் இருப்பதால் மட்டும் இதற்குப் பதில் கிடைத்துவிடாது.

இன்னொன்று. வேலையை விடுவது பற்றி ஆராய்ந்தவர்கள் உங்களுக்கு முன்னால் நீண்ட வரிசையாக நிற்கிறார்கள். ஜேம்ஸ் மார்ச்சும் ஹெர்பர்ட் சைமனும் 1958லேயே சொன்னது: ஒருவர் வேலையை விடுவது, விட வேண்டும் என்ற விருப்பத்தோடு, விட்டுப் போவது எவ்வளவு எளிது என்பதையும் பொறுத்தது. உங்கள் 3 ஆண்டுகளில் மற்ற நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்திருந்தால், உங்கள் மேற்பார்வையாளர்கள் போக இடமில்லாமல் இருந்திருப்பார்கள். 1994ல் தாமஸ் லீயும் டெரன்ஸ் மிட்செல்லும் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார்கள். பலர் கொஞ்சம் கொஞ்சமாக அதிருப்தி சேர்ந்து போவதில்லை. ஏதோ ஒரு நிகழ்வு அவர்களை உலுக்கி, 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்று யோசிக்க வைக்கிறது. எதிர்பாராத இன்னொரு வேலை அழைப்பாக இருக்கலாம், மேலாளர் மாறியதாக இருக்கலாம், வீட்டில் நடந்த ஒன்றாகவும் இருக்கலாம். 2001ல் மிட்செல்லும் உடன் ஆய்வாளர்களும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: மனிதர்கள் ஏன் போகாமல் இருக்கிறார்கள்? வேலையிலும் ஊரிலும் உள்ள உறவுகள், பொருத்தம், விட்டுப் போனால் இழக்க வேண்டியவை ஆகிய மூன்றும் ஒருவரை ஒரு வேலையில் பதித்து வைக்கின்றன என்றார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு உங்கள் கேள்வி பழைய கேள்வியாக இருக்காது. 'என் பயிற்சி பலன் தந்ததா' என்பது மாறி, 'புதிதாகச் சேர்ந்த மேற்பார்வையாளர் எந்தக் கட்டத்தில் உலுக்கப்படுகிறார், பயிற்சி அதில் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை' என்று ஆகலாம். இரண்டாவது கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாது. அதனால்தான் அது ஆய்வுக்கு ஏற்ற கேள்வி. "அவன் ஏன் போனான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை" என்ற வரி எனக்குப் பிடித்ததும் அதனால்தான். கடிதம் முழுக்க விடைகளாகச் சொல்லிவந்த நீங்கள், அந்த ஒரு இடத்தில்தான் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் 19 ஆண்டு அனுபவம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கேள்வி உயிருள்ளது, எந்தப் பதில் ஒப்புக்குச் சொன்ன பதில் என்று உங்களுக்கு உள்ளுணர்வு சொல்லும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அது வாய்க்காது. ஆனால் அதே அனுபவம், பார்க்க வேண்டியதை 'இது தெரிந்ததுதானே' என்று தாண்டிப் போகவும் வைக்கும். நல்ல நெறியாளர் உங்களை அங்கேதான் பிடித்து நிறுத்துவார்.

நடைமுறையாக ஒன்று கேட்கிறேன். 9 கிடங்கிலும் ஒரே நாளில் திட்டத்தைத் தொடங்கினீர்களா, ஒன்றன்பின் ஒன்றாகவா? ஒன்றன்பின் ஒன்றாக என்றால், தொடங்கிய கிடங்கையும் தொடங்காத கிடங்கையும் அதே மாதங்களில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அது பெரிய வாய்ப்பு. எந்தக் கிடங்கில் எப்போது தொடங்கினீர்கள் என்ற பழைய கோப்புகளை இன்றே தேடிப் பத்திரப்படுத்துங்கள். ஒரே நாளில் என்றால் மனம் தளர வேண்டாம், திட்டத்தின் அடுத்த கட்டத்தையே ஆய்வாக வடிவமைக்கலாம். மாற்றம் ஒன்றைச் செய்து, கவனித்து, திருத்தி, மறுபடி செய்து பார்க்கும் இந்த முறைக்குச் செயலாய்வு என்று பெயர். உளவியலாளர் குர்ட் லெவின் 1946லேயே இதைப் பற்றி எழுதினார். டி.பி.ஏ. ஆய்வேடுகளில் நன்றாகப் பழகிப்போன முறை இது.

உங்களிடம் வேலை பார்ப்பவர்களிடமே கேள்வி கேட்பது

தரவு உங்கள் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நிர்வாகத் தேவைக்காகச் சேர்த்த தரவு. அதை ஆய்வுக்குப் பயன்படுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆய்வுக்கென்று புதிதாக எடுக்கும் நேர்காணல்களை அந்த ஒப்புதல் வருவதற்கு முன்னால் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டுப் பின்னால் அனுமதி வாங்கலாம் என்றால் பெரும்பாலும் நடக்காது. ஆர்வத்தில் இப்போதே நேர்காணல் எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்புறம் அதிகாரம் பற்றிய பிரச்சினை. நான் வழிகாட்டிய ஒருவர் தன் பிரிவின் ஊழியர்கள் 20 பேரைத் தானே நேர்காணல் செய்தார். எல்லோரும் மேலாளர் நல்லவர், வேலை பிடித்திருக்கிறது என்றார்கள். அவருக்கு மகிழ்ச்சி, எனக்குச் சந்தேகம். வெளியாள் ஒருவரை வைத்து, பெயர் வெளிவராது என்று உறுதி தந்து, வேறு சிலரிடம் அதே கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். அதில் பாதிப்பேர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் பேசிய 20 பேரும் அவரை ஏமாற்றவில்லை. அடுத்த மாதம் தங்கள் சம்பள உயர்வுக் காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறவரிடம் பேசினார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கும் இதுவே நடக்கும். திட்டத்தை வடிவமைத்தவரும் நீங்களே, அதை மதிப்பிடுகிறவரும் நீங்களே, பதில் சொல்கிறவர்களின் மேலதிகாரியும் நீங்களே. மூன்றையும் ஒருவரே செய்யக் கூடாது. நேர்காணலை வேறொருவர் எடுக்கலாம். அல்லது உங்கள் நிறுவனத்தை விட்டுவிட்டு அதே துறையில் வேறு நிறுவனங்களின் மேற்பார்வையாளர்களை ஆராயலாம். ஏற்கெனவே போய்விட்டவர்களிடம் பேசலாம். எனக்கு மூன்றாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம். வேலையை விட்டு ஓராண்டு ஆனவர்கள், விலகும் நாளில் எச்.ஆரிடம் சொன்னதைவிட வெளிப்படையாகப் பேசுவார்கள்.

நிறுவன அனுமதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது எழுத்தில் இருக்கட்டும். எந்தத் தரவு, யாருடைய ஒப்புதல், நிறுவனத்தின் பெயர் மறைக்கப்படுமா, முடிவு நிறுவனத்துக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா, ஆய்வேட்டை நூலகத்தில் யாரும் படிக்காதபடி எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், மேலிடத்தில் ஆள் மாறினாலும் அனுமதி நிற்குமா என்று எல்லாம் அதில் வரட்டும். வாய்மொழி அனுமதியை நம்பி இரண்டு ஆண்டு வேலை செய்தவரை எனக்குத் தெரியும். புதிதாக வந்த இயக்குநர் கதவை மூடிவிட்டார். ஆய்வு செய்தவர் வேறு நிறுவனம் தேடி ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

18 மாதம் என்ற வாக்குறுதி

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பிரிட்டனில் இத்தகைய தொழில்சார் டாக்டர் பட்டங்கள் பொதுவாக 540 கிரெடிட் அளவு கொண்டவை. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்பது அங்கே கணக்கு. ஆக 5,400 மணி நேரம். 18 மாதம் என்பது 78 வாரம். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 69 மணி நேரம் வருகிறது. உங்கள் வேலைக்கே வாரம் 50 மணி நேரம் போகிறது என்கிறீர்கள். மிச்சம் தூங்கவும் சாப்பிடவும் பிள்ளைகளைப் பார்க்கவும் 49 மணி நேரம். வாரம் 20 மணி நேரம் ஒதுக்கினால் அதே 5,400 மணி நேரத்துக்கு 5 ஆண்டுக்குமேல் ஆகும். முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்துக் கொஞ்சம் குறைத்தாலும், பகுதிநேரமாகப் படிப்பவருக்கு 4 முதல் 6 ஆண்டுகள் என்பதுதான் நடப்பு.

ஆய்வேடு எழுத ஆள் தருகிறோம் என்று சொன்ன உடனேயே அந்த முகவரோடு பேச்சை நிறுத்தியிருக்க வேண்டும். அது உதவி இல்லை, மோசடி. பிடிபட்டால் பட்டம் போகும், அதுவும் எத்தனை ஆண்டு கழித்தும் போகலாம். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல்-தியோடர் சு குட்டன்பெர்க் 2007ல் வாங்கிய டாக்டர் பட்டத்தை, பிறர் எழுதியதை எடுத்தாண்டது தெரியவந்ததால் பாய்ராய்ட் பல்கலைக்கழகம் 2011ல் பறித்தது. அமைச்சர் பதவியும் போயிற்று. உங்களுக்குப் போக இருப்பது 19 ஆண்டு நற்பெயர்.

எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சேர்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

- பட்டம் தருவது யார்? பாடம் நடத்துவது ஒரு நிறுவனமாகவும் பட்டம் தருவது வேறொரு பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம். பட்டம் தரும் பல்கலைக்கழகம் அதன் நாட்டு உயர்கல்வி அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா? சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கம் யுனெஸ்கோவுடன் சேர்ந்து பராமரிக்கும் உலக உயர்கல்வித் தரவுதளத்தில் இருக்கிறதா? உங்கள் நாட்டில் அந்தப் பட்டத்துக்கு இணைமதிப்பு உண்டா? கடைசிக் கேள்விக்குப் பதிலை முகவரிடம் கேட்காதீர்கள். இணைமதிப்பு வழங்கும் அரசு அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள்.

- ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா போன்ற தர அங்கீகாரங்கள் இருந்தால் நல்லது. முதல் இரண்டும் வணிகப் பள்ளியை முழுதாக மதிப்பிடுபவை. ஆம்பாவோ எம்.பி.ஏ., டி.பி.ஏ. போன்ற படிப்புகளைத் தனியாகப் பார்க்கும். ஆனால் இவை தரத்துக்கான முத்திரைகள்தான். அரசின் சட்டப்படியான அங்கீகாரம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள்.

- நெறியாளர் யார், அவரிடம் இப்போது எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள், அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டுகள் எடுத்தார்கள், அவர் வேறு இடம் போய்விட்டால் என்ன ஏற்பாடு? முடித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டையாவது நூலகத்திலிருந்து எடுத்துப் படியுங்கள். ஒரு ஆய்வேட்டைக்கூடக் காட்ட முடியாத இடத்தில் சேர வேண்டாம்.

நிறுவனத்தின் பணம்

4 ஆண்டு ஒப்பந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாளிலிருந்து 4 ஆண்டு என்று எழுதவில்லை, அதில்தான் எல்லாம் இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து என்றால் படிப்பு முடியும்போது ஒப்பந்தமும் ஏறக்குறைய முடிந்துவிடும். பட்டம் வாங்கிய நாளிலிருந்து என்றால், 5 ஆண்டு படிப்பும் 4 ஆண்டு கட்டாயமும் சேர்ந்து உங்கள் 53 வயது வரை நீங்கள் அங்கேயே இருந்தாக வேண்டும். 50க்கு மேல் கற்பிக்கப் போகலாம் என்ற உங்கள் எண்ணத்துக்கே அது குறுக்கே நிற்கும்.

இடையில் போனால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, பணிபுரிந்த காலத்துக்கு ஏற்பக் குறையுமா? நிறுவனமே உங்களை வேலையைவிட்டு நீக்கினால்? படிப்பை முடிக்க முடியாமல் போனால்? கால நீட்டிப்புக் கட்டணத்தில் அவர்கள் பங்கு உண்டா? ஆய்வில் நீங்கள் உருவாக்கும் முறையோ மாதிரியோ யாருக்குச் சொந்தம்? கையெழுத்துக்கு முன்னால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், பட்டம் வாங்கிய நாளிலிருந்து கட்டாயக் காலம் என்றால் பணத்தை வேண்டாம் என்றே சொல்வேன். அதற்குப் பதிலாக வாரம் அரை நாள் படிப்பு விடுப்பு கேட்பேன். உங்களுக்குப் பணத்தைவிட நேரம்தான் தட்டுப்பாடு.

சனி, ஞாயிறு போதுமா?

போதாது. நேரம் போதாது என்பதைவிட, இடைவெளி ஆகாது. ஐந்து நாள் கழித்து உட்காரும்போது போன வாரம் எங்கே விட்டோம் என்று தேடவே இரண்டு மணி நேரம் போய்விடும். தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது ஆய்வைத் தொட்டுவிட்டு, வார இறுதியில் நீண்ட நேரம் உட்கார்வதுதான் முடித்தவர்கள் பலர் செய்தது.

வகுப்புகள் இருக்கும் காலத்தில் உங்களுக்குக் கஷ்டம் வராது. உங்களைப் போன்றவர்கள் கெடு வைத்தால் முடித்துவிடுவீர்கள். வகுப்பு முடிந்து, கெடு இல்லாமல், தனியாக ஆய்வேட்டோடு விடப்படும் மூன்றாம் ஆண்டில்தான் பலர் மெதுவாகக் காணாமல் போகிறார்கள். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. படிப்பவர்களை வைத்து அங்குள்ள பட்டமேற்படிப்புக் கல்லூரிகள் மன்றம் 2008ல் வெளியிட்ட கணக்கில், 10 ஆண்டுகளுக்குள் முடித்தவர்கள் சுமார் 57 விழுக்காடுதான். அவர்களில் பெரும்பாலோர் வேலையை வைத்துக்கொண்டு படித்தவர்கள்கூட இல்லை. ஆகவே சேரும்போதே உடன் படிக்கும் இரண்டு மூன்று பேரோடு மாதம் ஒருமுறை எழுதியதைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவர் ஆதரவாக இருப்பது நல்ல விஷயம். ஆனால் 'ஆதரவு' என்றால் என்ன என்று இருவரும் வாரக் கணக்கில் பேசிக்கொண்டீர்களா? எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது, எந்த நேரத்தில் உங்களைக் கூப்பிடக் கூடாது என்பது வரை? மூத்தவள் பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறாள். என் தனிப்பட்ட கருத்து, இந்த ஆண்டு சேர வேண்டாம். அடுத்த ஆண்டு சேருங்கள். இந்த ஓராண்டு வீணாகாது: வேலையை விடுவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் முப்பதை ஊன்றிப் படித்து, மூன்று பக்க முன்வரைவு ஒன்றை எழுதுங்கள். அதை எழுதும்போது உங்களுக்குப் பசி அதிகமாகிறதா, அலுப்பு வருகிறதா என்று தெரிந்துவிடும். அலுப்பு வந்தால், பெரிய செலவில்லாமல் அதைத் தெரிந்துகொண்டீர்கள்.

பேராசிரியர் கனவு

உதவும், ஆனால் தானாக உதவாது. சில நாடுகளில் நிரந்தர ஆசிரியர் பணிக்கு பிஎச்.டி. என்று விதியிலேயே எழுதியிருக்கும். அங்கே டி.பி.ஏ. ஏற்கப்படுமா என்பதை முதலில் விதிகளில் பாருங்கள். ஏற்காது என்றால், உங்களுக்குக் கற்பித்தல்தான் முதல் ஆசை என்றால், பகுதிநேர பிஎச்.டி.யைத் தேர்ந்தெடுங்கள். விதி தடையாக இல்லாத இடங்களிலும் பட்டத்தோடு வேலை முடிந்துவிடாது. ஏ.ஏ.சி.எஸ்.பி. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் தங்கள் ஆசிரியர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தொடர்ந்து ஆய்வில் இயங்கும் கல்வியாளர்களாக இருப்பதைக் காட்ட வேண்டும். எனவே அங்கே நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பதோடு, எதை வெளியிட்டீர்கள் என்றும் கேட்பார்கள். நடைமுறை அனுபவத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் பணியிடங்களும் உண்டு, உங்களுக்கு அவை நன்றாகப் பொருந்தும். ஒரு செமஸ்டர் கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்துப் பாருங்கள். அதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆலோசகராகவோ நிறுவனத்தில் மேல் பதவிக்கோ போக இந்தப் பட்டம் தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. சம்பள உயர்வை மட்டும் எண்ணிச் சேர்வதாக இருந்தால் சேர வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

இந்த மாதம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகவருக்கு முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் மேலதிகாரியிடம் ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். பிறகு, அன்று இரவு சொல்லாமல் நின்றுவிட்ட அந்த மேற்பார்வையாளரைத் தேடிப் பாருங்கள். பேசச் சம்மதித்தால், ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். போவது என்று முடிவெடுத்த அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள், குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவர் சொல்வதை ஆய்வில் தரவாகச் சேர்க்க முடியாது, பதிவும் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வந்து முன்வரைவின் முதல் பக்கத்தை எழுத ஆரம்பியுங்கள்.